அறுநூறு மீற்றர்

முக்காலியில் ஒரு கால் எப்போதும் அடங்காது.
கிறவலில் அதைக் குத்தி, சப்பாத்தால் மிதித்து,
நடுத்தண்டை உயர்த்தாமல்
(உயர்த்தினால் மூச்சுக்கே ஆடும்)
கொளுக்கியில் மணற்பை தூக்கினேன்.
குப்புறக் கிடக்கிற விஜேகோனின்
தோளுக்குப் பின்னால், குழலுக்கு நேர்மேலே
என் கண்.

அம்பாறை வெயில், பத்தரை மணி.
முதலில் இலக்குத் தாள் கூர்மை.
வளையத்தை ஒரு நூல் பின்னே திருக
தாள் கலங்கும், கானல் தெளியும்.
இடமிருந்து வலம் ஓடுகிறது,
திறந்துவிட்ட வாய்க்கால்போல.
'வமட்ட தெகக்' என்கிறேன்.
இடதுக்கு இரண்டு.
அவன் மூச்சை விட்டு முடிக்கவில்லை,

மண் அணைக்கு மேலே ஒரு கொக்கு.
கொக்கின் கீழே எருமைக் கொம்பு.
கொம்பை அடுத்து
ஒரு தலைப்பாகை.

நவத்தன்ன! நிப்பாட்டு! ஸ்டொப்!
மூன்றும் ஒரே வாயில்.

சிவப்புக் கொடிக்கு முதுகைக் காட்டி
அணைமேல் ஏறி நின்று
வெற்றிலை மடிக்கிறார்.
சுண்ணாம்பு தடவும் விரல் தெரிகிறது.
சேட்டில் மூன்றாவது பொத்தான் இல்லை.
என்னை அவருக்குத் தெரியாது.

'அத்துமீறல், 10.34' என்று
பதிவேட்டில் எழுதினேன்.
பொத்தானுக்கு அதில் கட்டமில்லை.

எருமை இறங்கிப் போனது, அவரும்.
விஜேகோன் கையை உதறிக்கொண்டு
மறுபடி படுத்தான்.
முக்காலிக் கால் ஒரு விரற்கடை புதைந்திருந்தது.
காற்று
அதற்குள் மாறிவிட்டது.