வீட்டோடு மாப்பிள்ளை

ஜூலையில் அவை பறப்பதில்லை.
பழைய சிறகை மொத்தமாக உதிர்த்துவிட்டுப்
புதியது முளைக்கும்வரை
சதுப்பில் நடக்கும், நீந்தும், நரிக்குப் பயந்து பதுங்கும்.
சின்ன வெண்நெற்றி வாத்து.
கண்ணைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம்,
மைதீட்டப் போனவர் டப்பா மாற்றி எடுத்ததுபோல.

நார்வேயின் வடகோடியில், கடல் உள்ளே புகுந்த இடத்தில்
கலைமான் வேலியைப் பழுதுபார்க்கப் போகும் இஸ்ஸாத்
வழியில் இறகு பொறுக்குவான்.
காலியான காப்பிப் பொட்டலங்களில் போட்டு
இடம், தேதி, காற்றின் திசை எழுதி அனுப்புவான்.
காற்றின் திசையை யாரும் கேட்கவில்லை.

பின்லாந்தில், ஓலு நகரில், கைசு அவற்றைப் பிரிப்பாள்.
இறகின் அடிக்குழலில் மூன்று மில்லிமீட்டர் வெட்டு.
உள்ளே காய்ந்த ரத்தம், ஒரு பொட்டு. போதும்.
பாலையும் நீரையும் பிரிக்கும் பறவை என்று
கேட்டிருக்கிறோம்.
இங்கே பிரிபடுவது பறவை.
இது தாய் மட்டும் தந்தது,
இது தாயும் தகப்பனும் கலந்து தந்தது,
இது எங்கிருந்து வந்தது, இன்னும் தெரியாது.

மேற்கே மிஞ்சியவை முப்பது ஜோடிகூடத் தேறாது.
இத்தனை சின்னக் கூட்டம்
தனக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும்
இந்நேரம் நைந்துபோயிருக்க வேண்டும்.
நையவில்லை.

குளிர்காலத்தில், தெற்கே ஓர் ஏரிக்கரையில்
எல்லாக் கூட்டமும் ஒன்றாக மேயும்.
பெண் பார்ப்பது அங்கேதான்.
பனி உருகியதும் அவள்
தான் முட்டை உடைத்து வந்த அதே சதுப்புக்குத் திரும்புவாள்.
அவன், மறுபேச்சில்லாமல், பின்னால்.
அவன் பிறந்த ஊர் மூவாயிரம் கிலோமீட்டர் வலப்பக்கம் கிடக்கும்,
சைபீரியாவில், டைமிரில்.
சீர் இல்லை, மறுவீடு இல்லை.
அதனால்தான் தாய்வழி எழுத்து ஊருக்கு ஊர் வேறு;
மற்ற எழுத்தெல்லாம் கலங்கிய ஆறு.

டைமிர் இறகுகளை அனுப்பியவள் மாவ்ரா.
படகில் போய், குஞ்சுகளை வலையில் பிடித்து
ஆளுக்கோர் இறகு எடுத்துக்கொண்டு விட்டுவிடுவாள்.
உறையின் மூலையில் ஒரு கொசு நசுங்கி ஒட்டியிருக்கும்.
இருவரும் சந்தித்ததில்லை.
எழுதிக்கொண்டதில் பாதி எண்கள்.
பிறகு எல்லை மூடியது, தபால் நின்றது,
ஒப்பந்தம் ரத்து என்று ஒரு சுற்றறிக்கை வந்தது.
உறைபெட்டியின் ஆறாம் அடுக்கில், மைனஸ் எண்பதில்,
மாவ்ராவின் கடைசிப் பொட்டலம்.

இந்த ஆண்டு இஸ்ஸாத்தின் பதினோராவது காப்பிப் பொட்டலம்.
தாய்வழி வரிசை மற்றவற்றோடு ஒட்டவில்லை.
கைசு தன் கையைத்தான் சந்தேகித்தாள்.
கையுறை மாற்றி, மறுபடி முதலிலிருந்து செய்தாள்.
அதே விடை.
சரி, இவனும் வந்தவன் என்று
பழைய பட்டியலோடு ஒப்பிட விட்டுவிட்டுப்
பஸ்ஸுக்கு ஓடினாள்.

காலையில் திரையில்
பதினாலு இடங்கள். பதினாலும் பொருந்தியிருந்தன.
தம்பி இல்லை, சிற்றப்பன் மகன் இல்லை.
அவனே.
மாவ்ரா, குஞ்சு எண் 31, ஆண்.

படிவத்தில் 'கூட்டம்' என்று ஒரு கட்டம் உண்டு.
மேற்கு அல்லது கிழக்கு.
இரண்டையும் தொட்டால் சிவப்பாகிவிடும்.
அதை அப்படியே விட்டுவிட்டு
காப்பிப் பொட்டலத்தைத் திருப்பி
இஸ்ஸாத்தின் கையெழுத்தை முதன்முறையாக முழுதும் படித்தாள்.
காற்று: இல்லை.

பிறகு ஆறாம் அடுக்கைத் திறந்தாள்.
புகைபோலக் குளிர் இறங்கிக் காலில் பட்டது.
வெட்டியது போக மீந்த இரண்டு இறகுகளும் மேசைமேல்,
பக்கம் பக்கமாக.
ஒன்று விரல் நீளம்கூட இல்லை, குஞ்சின் மயிர் இன்னும் ஒட்டியபடி.
மற்றது முழுதாக ஒரு சாண்.

போகவே வழியில்லாத கடிதத்தின் முதல் வரி
அவளுக்குள் தயாராகிவிட்டது:
மாவ்ரா, உங்கள் பையன் நன்றாக வளர்ந்திருக்கிறான்.