சாட்சி ஓடுகள்

முப்பத்தோரு தபசுகாலம்
அதே மரச்சல்லடைக்கு முன்னால் முழங்காலிட்டேன்.
வெள்ளிக்கிழமை பன்றிக்கொழுப்பு தின்றதைச் சொன்னேன்.
மருமகளைச் சபித்ததைச் சொன்னேன்.
பூசையில் தூங்கியதைக்கூட
எந்த ஞாயிறு என்று கணக்கோடு சொன்னேன்.

கல்லைச் சொல்லவில்லை.

கலீசியாவில், எங்கள் சரிவில்,
நிலத்துக்கும் நிலத்துக்கும் நடுவே வேலி கிடையாது.
முழங்கால் உயரத்தில் ஒரு கல், அவ்வளவுதான்.
பல்தோமேரோ பில்பாவோ ஆலைக்குப் போயிருந்த குளிர்காலம்
நானும் கடப்பாரையும் மழையுமாக
அதை நகர்த்தினோம்.
மூன்று முழம்.
இரண்டு வரிசை உருளைக்கிழங்கு நட இடம்.

திரும்பி வந்தவன் வரப்பில் நின்றான், வெகுநேரம்.
"கண்ணு போச்சு எனக்கு,
நிலம் சுருங்கின மாதிரி தெரியுது" என்றான்.
அந்த வருஷம் அவனுக்கு ஒரு கூடை கிழங்கு கொடுத்தேன்.
நன்றி சொன்னான்.
கடைசிவரை கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருந்தான்.

புதுச் சாமியார் தோன் அமாரோவுக்கு ஐந்து ஊர்.
திருவுடையைக் காரின் பின்பக்கத்தில் வைத்திருப்பார்.
அவசரத்தில் இருந்தார், அதனால்தான் வாய் வந்தது.
"சாமி, ஒரு கல்..."
"சிறுநீரகத்திலா?"
சிரித்துவிட்டேன். பிறகு அழுகை.
எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"திருப்பி வையுங்கள். பகலில் போய்."
"வைத்த பிறகுதான் மன்னிப்பா?"
"மன்னிப்பு இப்போதே. கல் நாளைக்கு."

மறுநாள் போனால்
பழைய இடம் தெரியவில்லை.
முட்புதர், அவன் மகன் நட்ட யூகலிப்டஸ்,
என் ஞாபகம்கூட நான் நகர்த்திய பக்கமே சாய்ந்தது.

முன்னோர்கள் கல் ஊன்றும்போது
ஓடு ஒன்றை இரண்டாக உடைத்து
அடியில் புதைப்பார்கள்.
சாட்சிகள் என்று அதற்குப் பெயர்.
கல்லைத்தான் நகர்த்தினேன்.
சாட்சிகளை யார் நினைத்தார்கள்?

நாலு குழி தோண்டினேன்.
ஐந்தாவதில் மண்வெட்டி கிறீச்சிட்டது.
பாவாடையில் துடைத்து
உடைந்த விளிம்போடு விளிம்பை வைத்தேன்.
பொருந்தியது.

ஆனால் கல் அசையவில்லை.
அன்று ஒற்றை ஆளாய்ப் பெயர்த்த கல்,
இன்று என் இடுப்பு அதைக் கேட்கவில்லை.
கீழே சாலையில் ரொட்டி வண்டியின் ஹார்ன்.
கையை ஆட்டினேன்.
ஓதிலியா மூச்சிரைக்க ஏறி வந்தாள்.
குழிகளைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"என்ன இது?" என்றாள்.

முதலிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று,
சல்லடை இல்லாமல்.