முதல் பத்து நிமிடம் குளிர வேண்டும்

ஓலுவில் விடிய இன்னும் ஆறு மணி நேரம்.
சன்னலுக்கு வெளியே மாட்டிய வெப்பமானி
மைனஸ் பத்தொன்பது என்கிறது.
பேக்கரி அடுப்புக்கு நாலரை மணிக்கு நான் வேண்டும்.
இடையில் ஒன்பது கிலோமீட்டர்,
இரண்டு பாலம்,
ஒரு சைக்கிள்.

கதவைத் திறக்கும்போதே கதகதப்பாக இருந்தால்
உடுத்தியது தப்பு.
முதல் பத்து நிமிடம் குளிர வேண்டும்.
இந்த ஒரு வரி பிடிபட
எனக்கு இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
அப்போதெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி
இதழ் மேல் இதழாகச் சுற்றிக்கொண்டு கிளம்புவேன்.
பாதி வழியில் வியர்த்துக் கொட்டும்.
பாலத்தில் ஏறியதும் காற்று வந்து
அந்த வியர்வையை முதுகோடு வைத்துத் தைக்கும்.

பருத்தி ஆகாது.
நனைந்தால் நனைந்ததையே பிடித்துக்கொண்டிருக்கும்.
கம்பளி ஈரத்திலும் கொஞ்சம் சூடு காட்டும்.
என்னிடம் உருப்படியான கம்பளிச் சட்டை ஒன்றுதான்.
அதுவும் யால்மரியுடையது.

அக்டோபரில் போனான்.
காப்பி அரைக்கும் இயந்திரம், படகு மோட்டார்,
நல்ல கத்தி இரண்டும் எடுத்துக்கொண்டான்.
துணி உலர்த்தும் அலமாரியில் இதை மறந்துவிட்டான்.
போன வாரம் செய்தி அனுப்பியிருந்தான்:
"அந்தச் சாம்பல் சட்டை உன்னிடம் இருக்கிறதா?"
"தேடிப் பார்க்கிறேன்" என்று பதில் போட்டேன்.
பொய் இல்லை.
தினமும் மூன்றே முக்கால் மணிக்கு
இரண்டு கையையும் உள்ளே விட்டுத்
தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பஞ்சு வைத்த கால்சட்டைக்கு உள்ளே
எதுவும் போடக் கூடாது.
இதைச் சொல்ல, கடைக்காரப் பெண் வனாமோ
ஆளில்லாத கடையில் குரலைத் தாழ்த்தினாள்.
ஒரு தையல் போதுமாம், தொடை புண்ணாக.
முழங்காலுக்கு முன்பக்கம் மட்டும் காற்றுத் தடுப்பு,
பின்பக்கம் மூச்சுவிடட்டும்.
காலணி ஒரு அளவு பெரிது, விரல் அசைய.
கைக்கு நண்டுக்கொடுக்கு போல் இரண்டாகப் பிரிந்த உறை:
பிரேக்கும் பிடிக்கலாம்,
விரல்கள் ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

ஹெல்மெட் புதியது.
நவம்பரில், இரண்டாவது பாலம் இறங்கும் வளைவில்,
பனிக்கு அடியில் கண்ணாடி போல் இன்னொரு பனி.
விழுந்தது தெரியவில்லை,
விழுந்து கிடப்பதுதான் தெரிந்தது.
எழுந்து, தட்டிவிட்டு, வேலைக்குப் போய்
நாற்பது ரொட்டி பிசைந்தேன்.
மறுநாள் வனாமோ பழைய ஹெல்மெட்டை
விளக்கடியில் திருப்பிக் காட்டினாள்.
மேலே ஒரு கீறல்கூட இல்லை.
உள்ளே நுரையில் மயிரிழைக் கோடு.
"எறிந்துவிடுங்கள்.
ஒரு முறை அடி தாங்கியது
இன்னொரு முறை தாங்காது."
நான் தலையாட்டியது
ஹெல்மெட்டுக்கு மட்டுமா, தெரியாது.

சடையைக் கழுத்தோடு தாழ்த்திக் கட்டி,
காது மூடும் மெல்லிய தொப்பி,
அதன் மேல் ஹெல்மெட்.
தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல்.
பையில் தொங்கும் ஒளித்தகடு, வாத்து வடிவம்,
லாரிக்காரன் யாராவது சிரித்தால் சரி,
பார்த்துவிட்டான் என்று அர்த்தம்.

பத்து நிமிடம் பல் கிடுகிடுத்தது.
பதினோராவதில்
உடம்பு தன் அடுப்பைத் தானே மூட்டிக்கொண்டது.
இமையில் உப்புப் பொரிந்தாற்போல் உறைபனி.
ஆற்றின் மேல் ஆவி.
ஆணி பதித்த சக்கரம் மட்டும்
யாரோ அப்பளம் கடிப்பதுபோல்
கூடவே வந்தது.

சட்டையைக் கழற்றி அடுப்பருகே ஆணியில் மாட்டினேன்.
முன்பு படகு எண்ணெய் வாசம் அடிக்கும்.
இப்போது ஏலக்காய்.
முதல் தட்டு உள்ளே போனதும்
மாவுக் கையோடு எழுதினேன்:
"கிடைக்கவில்லை. வேறு வாங்கிக்கொள்.
தொளதொளவென்று எடுக்காதே,
உடம்போடு ஒட்டினால்தான் கம்பளி சுடும்."