நடவடிக்கைக் குறிப்பு

அவசரக் கூட்டம். புதன்கிழமை, இரவு ஒன்பதரை.
அறிவிப்பைத் தட்டச்சு செய்தவன் நான்.
நகராட்சிக் கட்டடத்தின் பக்கவாசல் பலகையில்
ஒட்டியவனும் நான்.
சட்டம் கேட்கும் நாற்பத்தெட்டு மணி நேரம்
காற்றில் படபடத்துக்கொண்டு இருந்தது அது.
பக்கத்திலேயே யாரோ
ஆட்டக்காரர் பட்டியலை ஒட்டியிருந்தார்கள்.
கணுக்கால் சுளுக்கிய ஜெர்வாசியோ
இறங்குவானா, மாட்டானா?
அதன் முன்னால்தான் கூட்டம்.

முப்பத்தொரு வருடம் கழித்து
மாநிலக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பெத்ரா மான்சா.
பேக்கரியில் ரொட்டிக்குப் பச்சை நிறம்.
கல்லறைக் காவலாளியின் நாய்க்கும் பச்சைச் சட்டை.
ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள்.
அன்று ஊர் ஒன்றுபட்டிருந்தது.

பதின்மூன்று உறுப்பினர்கள்.
நான்கு பேர் காதில் கம்பி.
தலைவர் வால்டெமிர் மேஜைக்கடியில்
கைபேசியைத் தொடையில் சாய்த்து வைத்திருந்தார்,
நீல வெளிச்சம் அவர் மோவாயில் ஓடியது.
பொருள் எண் ஏழு:
நீர்த்தேக்கத்தையும் குழாய்களையும்
முப்பத்தைந்து வருடக் குத்தகைக்கு விடுதல்.

பார்வையாளர் வரிசையில் நாற்பது நாற்காலி.
ஒன்றில் மட்டும் ஜுரேமா.
சலவைக்கடைச் சீருடையோடு வந்திருந்தாள்.
மடியில் ஒரு பாட்டில்,
அவள் தெருக் குழாயில் பிடித்தது,
ஆறிய தேநீர் நிறத்தில்.
பேச மூன்று நிமிடம் கேட்டு
முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தாள்.
காகிதத்தை மடித்து மடித்து
விரல்நுனி அளவுக்குச் சுருக்கியிருந்தாள்.

தலைவர் அவள் பெயரைப் படித்தார்.
அவள் எழுந்தாள்.
பாட்டிலை உயர்த்தினாள், வாய் திறந்தது.

அப்போதுதான்.

முதலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
பிறகு சத்தம் வந்தது, சத்தமென்று சொல்ல முடியாது அதை.
மலைச்சரிவு முழுக்க ஒரே தொண்டையாகி
எங்கள்மேல் விழுந்தது.
வெடி, கார் ஒலிப்பான், பாத்திரம், தேவாலய மணி.
உறுப்பினர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்,
ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும்,
ஆறு வருடமாக முகம் பார்க்காத இருவர்
கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள்.
ஜுரேமாவின் உதடுகள் அசைந்தன.
பார்த்தேன். அசைந்தன.
ஒரு சொல்கூட இந்தப் பக்கம் கரையேறவில்லை.

மூன்று நிமிடம் என்பது மூன்று நிமிடம்தான்.
கடிகாரத்துக்கு எந்த அணியும் கிடையாது.

"அழைக்கப்பட்டார். பேசவில்லை."
அப்படித்தான் எழுதினேன்.
பொருள் எண் ஏழு, ஆட்சேபணையின்றி.
ஓரத்தில் என் கையெழுத்தில் இன்னொரு சொல்லும் இருந்தது,
எப்போது எழுதினேன் என்று தெரியாது:
கோல்.
வெள்ளை மை வைத்து அழித்தேன்.

யாராவது திட்டம் போட்டுத்தான்
இதையெல்லாம் நடத்துகிறார்கள் என்று சொல்ல ஆசை.
சொல்லிவிட்டால் இரவில் தூக்கம் வரும்.
ஆனால் நான் வெளியே வந்தபோது
என் மகன் எடில்சன் கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்து
என்னைத் தரையிலிருந்து தூக்கினான்.
அவன் அம்மா போனபிறகு
என்னைத் தொட்டுப் பேசாத பையன்.
அவன் கண்ணீர் என் கழுத்தில் சுட்டது.
அந்தக் கண்ணீரை எந்தப் பொருள் எண்ணில் சேர்ப்பது?

மழைக்காலம் முடிந்ததும் கட்டண ரசீது வந்தது.
மூன்று மடங்கு. தண்ணீர் அதே தேநீர் நிறம்.
பார் கவுண்டரில் ரசீதை விரித்து வைத்து
அதன் பின்பக்கம் அடுத்த பருவ அட்டவணை எழுதினார்கள்.
இலவசமாகக் கிடைத்த காகிதம், பாவம் என்ன.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜுரேமா வந்தாள்,
குறிப்பின் நகல் வேண்டுமென்று.
கட்டணம் செலுத்தினாள், சில்லறையாக, எண்ணி.
நின்றபடியே படித்தாள்.
"பேசவில்லை" என்ற இடத்தில்
வெளுத்துப்போன விரல் நின்றது,
பிறகு ஓரத்துக்கு நகர்ந்து
வெள்ளை மையைச் சுரண்டிப் பார்த்தது.

"யார் போட்டது அந்த கோல்?" என்று கேட்டாள்.

"ஜெர்வாசியோ. சுளுக்கின காலால்."

"ம்," என்றாள்.
காகிதத்தை நான்காக மடித்தாள்.
"நல்ல கோலாகத்தான் இருந்திருக்கும்."