கால்

அரியங்காவில் இடித்த வீட்டு மரம்.
அயினி.
நாலு சட்டம், ஒரு பலகை.
தங்கச்சன் கோல் கணக்கில் அளந்தார், நான் டேப்பில்.
இரண்டுக்கும் நடுவே இருந்த ஏதோ ஒன்று
கோட்டைவாசல் வளைவிலேயே
பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டது.

எனக்கு வேலை புளியரைச் சாவடியில்.
கோழி இறக்கிவிட்டுக்
காலிக் கூண்டோடு திரும்பும் லாரிகளின்
சக்கரத்துக்கு மருந்தடிப்பது.
காய்ச்சல் இல்லாத மாதங்களில்
நாற்காலியில் சாய்ந்து
மரவேலை வீடியோ பார்ப்பது.

வீடியோக்காரன் மரத்தில் கணுவே கிடையாது.
அவன் சீவினால் சுருள் சுருளாக வருகிறது, பரோட்டாவுக்கு வீசிய மாவு மாதிரி.
என் அயினிக்குள் மூன்று ஆணி.
இழைப்புளி அலகில்
மூன்று பல் போயிற்று.

சித்திரையில் தொடங்கியது ஆனியில் முடிந்தது.
மேசை நின்றது.
தட்டு வைத்தால் நொண்டியது.
ரசம் வைத்தால்
ரசம் எந்தப் பக்கம் என்று சொன்னது.

முதல் கால் நீளம் என்று பட்டது,
காலில் ஒரு கால் அங்குலம் அறுத்தேன்.
பிறகு எதிர்க் கால்.
பிறகு இரண்டுக்கும் பொறாமைப்பட்ட மூன்றாவது.
பசை டப்பாவின் பெயரிலும் ஒரு கால் இருக்கிறது,
அதை மட்டும்தான் விட்டுவைத்தேன்.

நின்று காய் நறுக்கச் செய்த மேசை
உட்கார்ந்து நறுக்கும் உயரத்துக்கு வந்தது.

பக்கத்து வீட்டு மைதீன்பாத்து
துணி உலர்த்த வந்தவள் எட்டிப் பார்த்தாள்.
'ஆடுறதப் பாத்தா தொட்டில் மாதிரில்லா இருக்கு?'
சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.
நான் உப்புத்தாளை
இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.
அந்த ஓரம் இப்போதும்
மற்ற மூன்றை விட வழவழப்பு.

செங்கோட்டையில் அன்று சாரல்.
மலை இடுக்கு வழியாக
அடுப்படி ஜன்னலுக்குள் காற்று வந்தது,
(அதற்கும் பழைய தமிழில் கால் என்றுதான் பெயர்)
மேசை தன்னால் ஒருமுறை தட்டிக்கொண்டது.
அப்போதுதான் தோன்றியது.
தென்காசிக்குப் போய்
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ரசமட்டம் வாங்கிவந்து
மேசையில் வைக்காமல்
தரையில் வைத்தேன்.

குமிழி கிழக்கே ஓடியது.
மேற்கு மூலை மட்டும்
கால் அங்குலம் இறங்கிக் கிடந்தது.

போன வருஷம்
அந்த டைல்ஸை ஒட்டியது யார் என்று
நானே என்னிடம் கேட்கவில்லை.
'கொத்தனார் எதுக்கு, நமக்குக் கண்ணு இல்லையா'
என்று சொன்ன குரல் மட்டும்
சுவரில் எங்கேயோ இருந்தது.

தங்கச்சனுக்குப் போன் போட்டேன்.
அவர் சிரிப்பு மலையைத் தாண்டி வந்தது:
'ஆனைக்கும் அடி தெற்றும் மேடமே.'
ஆனைக்கு அடி.
எனக்குக் கால் அங்குலம்.

சனிக்கிழமை இரவு ரயிலில்
புனலூரிலிருந்து வந்தார் கோமதிநாயகம்.
சாப்பிட உட்கார்ந்தார், மேசை ஆடியது.
ஒன்றும் கேட்கவில்லை.
சட்டைப்பையில் இருந்த டிக்கெட்டை
நாலாக மடித்து
மேற்கு மூலைக் காலுக்கடியில் செருகிவிட்டு
'மோர் இருக்கா' என்றார்.

மேசை அசையவில்லை.
மூன்று மாதம், நாலு கால்,
பல் போன ஒரு இழைப்புளி.
எனக்கு வந்த கோபத்தில்
மோரில் உப்பே போடவில்லை.

பங்குனி வெயிலில் அந்தத் தாள் சுருங்கும்,
அப்போது பார்த்துக்கொள்ளலாம்.
அடுத்து குளியலறைக் கதவு என்றேன்.
'அதுவாவது நிக்கட்டும்' என்றபடியே தூங்கிப்போனார்.

தூக்கம் வரவில்லை.
ரசமட்டத்தை எடுத்து வந்து
அவர் மார்பின் மேல் மெல்ல வைத்தேன்.
குமிழி நடுவுக்கு வந்தது,
போனது,
வந்தது.
வெளியே கேரளத்து லாரிகள்
கியர் மாற்றி ஏறிக்கொண்டிருந்தன.