கேடயத்தின் கீழ்ப்பாதி

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிக் கேரளத்துக்குள்
நாலாவது ஷட்டர் என் கடை.
கல்யாண ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி, கட்சித் தோரணம்
எல்லாம் ஒரே மெஷினில்.
பங்குக்கு எழுபத்தைந்து வயதாகிறது, சின்னம் ஒன்று வேண்டும் என்று
ஐந்து பேர் வந்தார்கள்.
நாற்காலி மூன்றுதான்.

கேடயம் வரைந்தேன்.
உச்சியில் சிலுவை. அதில் யாருக்கும் பேச்சில்லை.
இடப்பக்கம் பனை.
கள் இறக்குகிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள், என்றார் எஸ்தாக்கி.
குருத்தோலை ஞாயிறு என்று எழுதிக்கொள்ளலாம், என்றார் சாமியார்.
வலப்பக்கம் நீல அலை. மாதாவின் நிறமாம்.
நான் கோரையாறு என்றுதான் போட்டேன்:
ஆறு மாசம் மணல், ஆறு மாசம் வழக்கு.
நீலத்தில் கொஞ்சம் பொய் உண்டு.

கீழ்ப்பாதியில் புனிதர்.
தமிழ்ப் பூசையில் ஆரோக்கியநாதர்,
மலையாளப் பூசையில் ரோக்கி புண்யாளன்.
ஒரே ஆள், ஒரே தொடை, ஒரே புண்.
கொள்ளைநோய் கண்டு காட்டில் ஒதுங்கிக் கிடந்தவருக்கு
தினம் ஒரு ரொட்டி கவ்வி வந்ததாம் ஒரு நாய்.
நான் மாரியம்மன் பக்கம்;
கொள்ளைநோய்க் கதையென்றால் எனக்கும் காது நீளும்.
கோயில் சுரூபத்தில் அது இன்னும் நிற்கிறது,
ஒரு காது உடைந்து, எலுமிச்சை அளவு ரொட்டியோடு.
அப்படியே வரைந்தேன். உடைந்த காதை ஒட்டிவைத்தேன்.

வேலை அங்கேதான் நின்றது.
"ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டில் பட்டியா?"
என்றார் குரியாக்கோஸ் சேட்டன்.
அவர் மொழியில் பட்டி என்றால் நாய்,
கோபத்தில் சொன்னால் மனுசன்.
எங்கள் மொழியில் அது ஊர்.
என் அம்மா பிறந்தது ஒரு பட்டி, வாக்கப்பட்டது இன்னொன்று.
வந்த சிரிப்பை விழுங்கினேன்,
முன்பணம் இன்னும் மேஜைக்கு வரவில்லை.

நாயை எடுத்தேன். ஒரு தட்டு, போய்விட்டது.
ரொட்டி மட்டும் அந்தரத்தில்.
நற்கருணை அப்பம் என்று வைத்துக்கொள்ளலாம், என்றார் சாமியார்.
எதற்கும் அவரிடம் ஒரு பொருள் இருந்தது.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த பிரகாசியம்மாள்
ரோட்டில் மண்ணைக் கொட்டி அடைத்த வருசம்
உங்கள் யாருக்கும் ஞாபகமில்லையா, என்று கேட்டாள்.

எம்மகன் அந்தப் பக்கம், தோப்பு ஷெட்டில்,
காய்ச்சலும் அவனுமாய்ப் பதினொரு நாள்.
நான் இந்தப் பக்கம். நடுவில் மண்மேடு, மேலே போலீஸ்.
அவனிடம் போய்வருகிற நாய் ஒன்று இருந்தது, பேர்கூடக் கிடையாது.
பன்னும் மாத்திரையும் மஞ்சப்பையில் சுருட்டி
கழுத்தில் கட்டிவிட்டேன்.
அதனிடம் யாரும் இ-பாஸ் கேட்கவில்லை.
மூணாம் நாள் பன்னைத் தின்றுவிட்டது,
மாத்திரையை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தது.
அதையும் எழுதிக்கோங்க சாமி.

சாமியாரிடம் அப்போது பொருள் இல்லை.
வெளியே ஒரு கோழி லாரி,
வரி கட்டிய ரசீதைத் தேடிக்கொண்டு நின்றது.
சேட்டன் கண்ணாடியைத் துடைத்தார்,
திரும்பத் திரும்ப அதே கண்ணாடியை.
"சிறுசா இருக்கட்டும்" என்றார் கடைசியில்,
"தூரத்திலிருந்து பார்த்தால்
ஆட்டுக்குட்டின்னு தோணுற அளவு."

இன்னொரு தட்டு. திரும்பி வந்தது.
உடைந்த காதோடு வைக்கச் சொன்னாள் பிரகாசியம்மாள்.
வைத்தேன், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

விளக்கக் குறிப்பை இரண்டு மொழியிலும் அடித்தது நான்தான்.
சிலுவைக்கு நாலு வரி, பனைக்கு மூன்று,
அலைக்கு ஒரு முழுப் பத்தி.
நாய்க்கு ஒன்றுமில்லை.

ரப்பர் ஸ்டாம்பில் அந்த இடம் மை அதிகம் குடிக்கிறது;
ஒவ்வொரு கல்யாணத் தாளிலும்
ஒரு கறுப்புப் பொட்டாக விழுகிறது.
குறை என்று கொண்டுவந்தால் மாற்றித் தருவேன்.
இதுவரை யாரும் வரவில்லை.