நிறுத்தம்

வெள்ளிக்கிழமைகளில் மருந்துக்கடை வேன் ஓட்டுகிறேன்.
கிளாஸ்கோவில் எல்லாத் தெருவுக்கும் ஒரே மழைதான்,
வீட்டுக்குள் வருவதில்தான் வித்தியாசம்.

மேட்டுப் பக்கம் தெருவுக்கு ஒரு பை.
நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளிவந்தால்
ஒரே படிக்கட்டில் ஏழு.
தூங்க ஒன்று, தூங்கி எழ ஒன்று.

நான்காவது மாடி செங்கா மெக்ரோரி,
சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் நின்றவள்.
லிப்ட் நவம்பரிலிருந்து வாய் திறக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் முன்பு ஒரு பெஞ்சு இருந்தது.
குடிகாரர்கள் படுக்கிறார்களென்று
மாநகராட்சி பிடுங்கிக்கொண்டு போனது.
குடிகாரர்கள் அடுத்த வாசலுக்குப் போனார்கள்.
செங்காவின் இடுப்பு எங்கும் போகவில்லை.
நிற்க முடியாததால் சந்தை நின்றது,
சந்தை நின்றதால் மீன்கடை ரோனாவோடு வம்பளப்பது நின்றது.
பிறகு பகலிலும் திரைச்சீலை.
அறையில் வளர்ந்தது
சுவர்மூலைக் கரும்பூஞ்சை மட்டும்.

போனில் ஒன்பது கேள்வி கேட்டார்களாம்.
எதிலும் நாட்டமில்லையா, பசியில்லையா,
எத்தனை நாள், பாதி நாளுக்கு மேலா.
பெஞ்சைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.
மறுமுனையில் தட்டச்சு நின்றதாம்.
அதைப் போட அங்கே கட்டமில்லை.

மேட்டுப் பூங்காவில் ரொட்டி தின்னும்போது எண்ணினேன்:
பதினான்கு பெஞ்சு.
ஒவ்வொன்றிலும் பித்தளைத் தகடு,
'இந்தக் காட்சியை நேசித்த டூகல் நினைவாக.'
இறந்தவர்களுக்கும் அங்கே இருக்கை இருக்கிறது.
இங்கே
இருப்பவர்களுக்கு இல்லை.

மார்ச்சில் ஒரு காலை
நிறுத்தக் கம்பத்தோடு சைக்கிள் பூட்டில் கட்டிய
சமையலறை நாற்காலி, நீல ரெக்சின் கிழிந்தது.
நாலு மாடி எப்படி இறக்கினாய்?
'மாடிக்கு மாடி அதிலேயே உட்கார்ந்துதான்.'

ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டு அதையும் தூக்கிப்போனார்கள்.
அடுத்த வெள்ளி வேறொரு நாற்காலி.
யார் வீட்டதென்று தெரியவில்லை.
இரண்டு பூட்டு.

மாத்திரை குறைந்ததா என்று கேட்காதீர்கள்.
பை அதே எடைதான்.

இன்று கதவைத் தட்டினேன், திறக்கவில்லை.
மறுபடி தட்டினேன்.
இந்தக் கட்டடத்தில் திறக்காத கதவுகள் எனக்குத் தெரியும்.
இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன்.

நிறுத்தத்தில், சாரலில்,
மடியில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.
'ஏன் இப்படி மூச்சு வாங்குகிறாய்? இங்கேயே கொடு.'

பேருந்துதான் இன்னும் வரவில்லை.